விழாத பூ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. பிறவியிலேயே கொஞ்சம் இருந்திருக்கும். மீதியைச் சம்பளம் கொடுத்து வளர்த்துவிட்டார்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். இப்போது ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், பல்சக்கரம் செய்யும் ஆலையின் அளவு அறையில் அதே வேலை. அடுத்தவர் செய்ததில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்குத்தான் இரண்டு நாட்டிலும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவள் தெய்வத்தைப் பற்றி எழுதினால் நீங்களும் கொஞ்சம் சந்தேகத்தோடே படிப்பது நல்லது.

போன மாதம் வீடு மாறினோம். பழைய வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான். ஆனாலும் இந்த நாட்டில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், நேரம் வாங்கியதற்கு ஒரு தாள் வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வேண்டும். கணவருக்கு ஷிப்ட் இருந்ததால் மகள் கீர்த்தனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. பதினேழு வருடத்தில் என் ஜெர்மன் மோசமில்லை. காய்கறிக் கடையிலும் ஆலையிலும் சண்டை போடும் அளவுக்கு வரும். அரசாங்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

படிவத்தில் பெயர், பிறந்த ஊர், அதற்கப்புறம் மதம் என்று ஒரு கட்டம். தேவாலய வரி பிடிப்பதற்காகக் கேட்கிறார்கள். முதன்முதலில் இங்கே வந்தபோது கணவர் தன் கட்டத்தில் இந்து என்று எழுதினார். நான் 'இல்லை' என்று எழுதினேன். ஒரே வீட்டுப் படிவத்தில் இரண்டு மாதிரி இருப்பதைப் பார்த்துவிட்டு அன்றிருந்த எழுத்தர், தவறுதலாக எழுதிவிட்டீர்களோ என்று கேட்டார். தவறில்லை என்றேன். இந்த முறையும் 'இல்லை' என்றே எழுதிக் கொடுத்தேன்.

எழுத்தர் அம்மாள் பாஸ்போர்ட்டைக் கேட்டார். உறையோடு நீட்டினேன். அவர் உருவியபோது கூடவே பழுப்பாக ஏதோ ஒன்று மேசைமேல் விழுந்தது. காய்ந்து சருகாகிப்போன ஒரு பூ. அவர் குப்பை என்று நினைத்து, ஒரு கையால் அதை மேசை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் குப்பைக்கூடையை இழுத்தார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். தமிழில்.

அவர் கை அப்படியே நின்றது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கீர்த்தனா நாற்காலிக்குள் புதைந்துபோனாள். முக்கியமான பொருளா என்று எழுத்தர் மெதுவாகக் கேட்டார். இல்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பூவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார், படிவத்தில் நான் எழுதியிருந்த 'இல்லை'யைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் கீர்த்தனா ஜெர்மனில் கேட்டாள். வீட்டுக்குள்கூட அவள் இப்போது தமிழில் பேசுவது குறைந்துவிட்டது. "சாமி இல்லன்னு எழுதுற. பூவைத் தொட்டா கத்துற. அது என்ன பூ?" பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

2

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பெயர் வேண்டாம், பூசாரி இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஊருக்கு ஒரு மாரம்மா கோயில். உள்ளே கல் அம்மன். அவளுக்கு முன்னால் அதே பீடத்தில், திருவிழாவுக்கு ஊர்வலம் தூக்கிப்போகிற முழ உயரப் பித்தளை அம்மன். பூ கேட்பது இந்தப் பித்தளை அம்மனிடம்.

பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம், போர்வெல், நிலம் விற்பது, எதுவானாலும் முடிவெடுக்கும் முன் எங்கள் பக்கம் அம்மனைக் கேட்பார்கள். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரச் சந்தனம் வைத்து, தோளுக்கு ஒரு வெள்ளை அரளிப் பூ ஒட்டுவார். கேட்க வந்தவர் மனசுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மனுடைய வலது தோள் பூ முதலில் விழுந்தால் செய்யலாம். இடது தோள் பூ விழுந்தால் கூடாது. அம்மனுடைய வலது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்கிற நமக்கு அது இடக்கைப் பக்கம்.

எனக்குப் பதினேழு வயதில், பாலிடெக்னிக் விண்ணப்பத்தை எழுதி வைத்துவிட்டு அப்பா பூ கேட்டார். பெண்பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்க வைக்கலாமா என்பது கேள்வி. தேங்காய் உடைத்த சத்தம் அடங்குவதற்குள் இடது பூ விழுந்தது. அப்பா விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அதற்கப்புறம் அதை நான் பார்க்கவில்லை. அந்த வருடம் முழுக்கத் தக்காளி பறித்தேன்.

அடுத்த வருடம் யாரையும் எதையும் கேட்காமல் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமா முடித்தேன். இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார்கள். வார்ப்படத்தில் வெளியே பார்க்க வழவழவென்று இருக்கும், உள்ளே காற்றுக் குமிழ் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். சந்தேகப்படுவதற்குப் பாராட்டுக் கிடைக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். கொத்தனார்கள் தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வைப்பார்களே, அதுதான். எங்களுடையது இன்னும் நுணுக்கமானது. பூசாரி நஞ்சப்பாவைக் கெஞ்சிக் கேட்டு, பித்தளை அம்மன் நிற்கும் இடத்தில் வைத்துக்காட்டச் சொன்னேன். குமிழ் நடுவில் நிற்கவில்லை. பீடம் அம்மனுடைய இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"நஞ்சண்ணா, இது சாஞ்சிருக்கு."

"சாயாம? தண்ணி வாட்டம்மா அது. அபிஷேகத் தண்ணி வடக்கால போவணும்ல. கும்பாபிஷேகத்தப்ப மேஸ்திரி அப்படித்தான் வெச்சான். இல்லன்னா உள்ளயே நின்னு நாறிப்போவும்."

"அப்ப பூவும் அந்தப் பக்கந்தான விழும்?"

அவர் ரசமட்டத்தைத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தார். "விழும்போது விழும்" என்றார்.

அந்தக் கும்பாபிஷேகம் நடந்தது என் விண்ணப்பத்துக்கு முந்தைய வருடம். கோயிலை விட்டு வெளியே வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அம்மன் என் படிப்பை மறுத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். என் ஒரு வருடத்தைத் தின்றது கழிவுநீர் போவதற்கு மேஸ்திரி விட்ட சரிவு. வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இனிமேல் அந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அப்பா ஊருக்குள் வாய் திறக்காதே என்றார். கல்யாணம் ஆனது, அப்பா போய்ச் சேர்ந்தார், நான் ஜெர்மனி வந்தேன். சொன்ன சொல்லை மட்டும் இருபது வருடம் காப்பாற்றினேன்.

3

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை. அளவு அறையில் ஒரு சக்கரத்தைக் கருவியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பி மாதேஷ் கூப்பிட்டான். அம்மாவோடு தக்காளியும் ராகியும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பவன்.

"அக்கா, அம்மாவுக்கு ஹார்ட்ல வால்வு சுருங்கிப்போச்சாம். நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது. ஆபரேசன் பண்ணியே ஆவணும், ஒரு மாசத்துக்கு மேல தள்ளக் கூடாதுன்றாரு டாக்டரு."

"பண்ணிடலாம்டா. நான் வர்றேன்."

"அதில்லக்கா. அம்மா ஒத்துக்க மாட்டேங்குது. பூ கேக்காம படுக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். கோபம் வந்தால் என் அம்மாவுக்குக் கன்னடம் வந்துவிடும். "பேடா, பேடா" என்றாள், வேண்டாம் வேண்டாம் என்று. "நெஞ்சப் பொளந்து போட்டுட்டு, நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாக்குறது? மாரம்மா செரின்னு சொல்லட்டும், போறேன். எடப்பக்கம் குடுத்துச்சுன்னா இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

மூன்றாம் நாள் பெங்களூரில் இறங்கினேன். விமானத்தில் வந்த ஒன்பது மணி நேரமும் எனக்கு ஒரே எண்ணம். மேஸ்திரியின் தண்ணி வாட்டம் என் ஒரு வருடத்தைத் தின்றது போதாதென்று இப்போது அம்மாவைத் தின்னப் பார்க்கிறது. பேசிப் பார்த்தேன். டாக்டரை விட்டுப் பேச வைத்தேன். வாட்டத்தை ஞாபகப்படுத்தினேன். அம்மா கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள், "செவ்வாக்கெழம பூ கேக்கலாம்" என்று முடித்தாள்.

நஞ்சப்பாவைத் தனியாகப் பார்த்தேன். எழுபதை நெருங்கிவிட்டார். இடது தோள் பூவைக் கொஞ்சம் அழுத்தி வையுங்கள், வலது தன்னால் விழும், ஒரு உயிர் பிழைக்கும் என்றேன்.

"நான் அழுத்துனா அது என் பதிலா ஆயிடும். உங்கம்மா கேக்குறது என்னயவா?" என்றார்.

"இப்ப மட்டும் யாரோட பதில்? மேஸ்திரியோடதுதான?"

அவர் சிரித்தாரே தவிர அசையவில்லை.

சரி, எனக்குத் தெரிந்த வழியில் போகலாம் என்று முடிவுசெய்தேன். இயந்திரம் மட்டமாக உட்காராவிட்டால் காலுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு செருகுவோம். ஷிம் என்று பெயர். ஓசூர் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் தகடு வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்துக்கொண்டேன். பித்தளை அம்மனின் இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி அதை அடியில் செருகினால் சரிவு வலப்பக்கம் மாறிவிடும். பெற்ற தாய்க்காகத் தெய்வத்தை ஏமாற்றுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இல்லாத தெய்வத்தை ஏமாற்றினால் அது ஏமாற்றுவதே இல்லை என்றும் வாதம் வைத்திருந்தேன்.

4

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். அம்மாவால் நடக்க முடியாது என்று மாதேஷ் காரைக் கோயில் வாசலுக்கு நேரே நிறுத்தினான். அம்மா முன்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மாதேஷ் பூ, தேங்காய் வாங்கப் போனான். நஞ்சப்பா கோயிலைத் திறந்து விளக்கேற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனார்.

பூசாரி தவிர உள்ளே யாரும் போகக் கூடாது. போனேன். பீடம் தாழ்வு, எட்ட வேண்டுமானால் மண்டி போட வேண்டும். மண்டி போட்டேன். எண்ணெயும் பழைய பூவும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. அம்மன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். ஒரு கையால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து மறு கையால் தகட்டைச் செருகும்போது பின்னால் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து தூணில் சாய்ந்துகொண்டேன். காருக்குள் அம்மா கண்ணை மூடியபடிதான் இருந்தாள்.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கோயில் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். நஞ்சப்பா அம்மனுக்குத் தண்ணீர் விட்டார், துடைத்தார், சந்தனம் வைத்தார், பூ ஒட்டினார். அவர் விளக்கைத் தூண்டிவிட்டபோது வெளிச்சம் பீடத்தில் பட்டது. அம்மனின் காலடியில் தகட்டின் விளிம்பு மின்னியது. எனக்கு இடக்கைப் பக்கம் மின்னியது.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. எனக்கு இடது அம்மனுக்கு வலது. பதறிய அவசரத்தில் என் இடதைத் தூக்கிச் செருகியிருக்கிறேன். வரைபடத்தில் வலது இடது மாறினால் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை என்ன திட்டுத் திட்டுவேன்! இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதே பிழைப்பு பிழைத்தவள் அதே தப்பைச் செய்திருக்கிறேன். சாய்ந்திருந்த பீடத்தைச் சரிசெய்யவில்லை, இன்னும் அதே பக்கம் சாய்த்துவிட்டேன். மேஸ்திரி விட்டது ஒரு மடங்கு, நான் விட்டது இன்னொரு மடங்கு. இனி இடது பூ விழுந்தே தீரும். அம்மா ஆபரேஷனுக்குப் போக மாட்டாள். அவளைக் கொல்லப்போவது வாட்டமில்லை, நான்.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எல்லாம் வெளியே வரும், அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் அம்மா எந்தப் பூவையும் நம்ப மாட்டாள், எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டாள். இடது பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடுகிற மாதிரி இருந்தது. விழாதே, விழாதே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. என் இரண்டு கையும் சேர்ந்து நெஞ்சுக்கு நேரே இருந்ததைக் கவனித்தேன். கீர்த்தனாவிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த இடம்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாதேஷ் ஒருமுறை இருமினான். பிறகு பூ விழுந்தது.

வலது பூ.

"ஆயித்து" என்றாள் அம்மா, அவ்வளவுதான், முடிந்தது என்கிற மாதிரி. நஞ்சப்பா விழுந்த பூவை எடுத்து அவள் மடியில் போட்டார். மறு வாரம் பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. அம்மா இப்போது காலையில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து மாதேஷைத் திட்டுகிறாள்.

நான் ஜெர்மனிக்குக் கிளம்புகிற அன்று நஞ்சப்பா வாழையிலையில் எதையோ மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் என் தகடும், கூடவே ஒரு அரளிப் பூவும். இடது தோள் பூ.

"இது அன்னிக்குப் பூரா விழவே இல்ல. சாயந்தரம் நானாத்தான் எடுத்தேன்" என்றார். "ரெண்டும் உன்னுதுதான், வெச்சுக்கோ."

"நஞ்சண்ணா, தகட்டை எப்பப் பாத்தீங்க? பூ வெக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாயந்தரம் தொடைக்கும்போது."

"எடது பூவ அழுத்தி வெச்சீங்களா?"

"எப்பவும் வெக்கிற மாதிரிதாம்மா வெச்சேன்."

முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும். ஆலையில் தினம் பார்க்கிறேன். அவர் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

5

கதை முடிவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. கீர்த்தனா என் பெண்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம். "விளக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்பதுதான் அவள் முதல் கேள்வி. வலது பக்கம் விளக்கு இருந்தால் அந்தப் பக்கச் சந்தனம் சீக்கிரம் காய்ந்திருக்கும், காய்ந்தால் பிடி விட்டுப்போகும் என்றாள். அதை நான் இரண்டு வருடம் முன்பே யோசித்துவிட்டேன். விளக்கு நடுவில்தான் இருந்தது. பூவின் காம்பு நீளம், பூசாரி கட்டைவிரல், யாருடைய மூச்சுக்காற்று என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் இருக்கலாம்தான். ஆனால் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

எங்கள் வேலையில் மூன்று தட்டு உண்டு. சரியானது பச்சை, கழிவு சிவப்பு. இரண்டிலும் போட முடியாததற்கு மஞ்சள் சீட்டுக் கட்டித் தனியாக நிறுத்திவைப்போம், யாராவது வந்து முடிவு சொல்லும்வரை. அந்தச் செவ்வாய்க்கிழமையை மஞ்சள் சீட்டோடுதான் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தேன். வம்பு என்னவென்றால், ஒன்றுக்குச் சீட்டுக் கட்டிய பிறகு மற்றதும் கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது.

பழைய வீட்டில் இருந்தபோது கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் எங்கள் கதவருகே ஒரு பை நிறையப் பிளம்ஸ் பழம் வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன் நாலு வருடத்தில் வணக்கம் தவிர வேறு பேச்சு இல்லாதவர். பழத்தை மூன்று தடவை கழுவினேன். சத்தம் போடாதீர்கள் என்று புகார் வரப்போகிறது, அதற்கு முன்னோட்டம் என்று கணவரிடம் சொன்னேன். ஒரு மாதம் காத்திருந்தேன், புகார் வரவில்லை. அவர் மரத்தில் பழம் அதிகமாகக் காய்த்திருந்தது, அவ்வளவுதான். கீர்த்தனா தொலைத்த ஒற்றைக் கையுறை மூன்று நாள் கழித்து வேலிக் கம்பியின் நுனியில், எங்கள் கண்ணில் படும் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. யாரோ பனியை உதறி மாட்டியிருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் பச்சைத் தட்டில் போட்டுவிட்ட ஒரு சக்கரத்தை, காரணமே இல்லாமல் என் கை திரும்ப எடுத்தது. பல்லின் அடியில் தலைமுடி அளவு விரிசல். எத்தனையோ இருக்க, கை ஏன் அதற்குப் போனது?

அருள் என்ற சொல்லை எழுத எனக்குக் கை கூசுகிறது. அதைச் சொல்லி ஊரை ஏய்த்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எந்தச் சாமியாரிடமும் இப்போதும் ஒரு சுண்டைக்காய் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் சம்பாதிக்காத எதுவோ அவ்வப்போது என் கதவருகே வைக்கப்படுகிறது, வைத்தது யார் என்று தெரியவில்லை, பதிலுக்கு யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் சந்தேகமாக இருக்கிறது. அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, மஞ்சள் சீட்டுக்கு அதில் இடமில்லை. அதனால் 'இல்லை' என்றே எழுதுகிறேன்.

பஸ்ஸில் கீர்த்தனா காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவள் கேட்டதெல்லாம் காற்றோடு போயிற்று என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து பாஸ்போர்ட்டை எடுத்துவைக்கும்போது பார்த்தால், பூ ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

6

அந்த மஞ்சள் சீட்டைப் பார்த்த பிறகு ஒன்று மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. பெற்ற பெண்ணிடம் சொல்லிவிட்டேன், ஏமாற்றப்பட்டவளிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது, இனிச் சொன்னால் தாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே மதியம், அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல ஐந்து நிமிடம் தக்காளி விலை, யானை வந்து ராகியை மிதித்தது, மாதேஷ் பெண்டாட்டியின் கோபம்.

"அம்மா, அன்னிக்குப் பூ கேட்டமே…"

"ஆமா."

"நஞ்சண்ணா தண்ணிக்குப் போனப்ப நான் உள்ள போனேன்."

"பாத்தனே."

"நீ கார்ல தூங்கிட்டிருந்தியே?"

"மூச்சு வாங்குறவளுக்கு எங்கடி தூக்கம்? கண்ணத் தொறந்தா, நீ உள்ள மண்டி போட்டுக்கினு இருக்க. மாரம்மா காலடியில தலையக் குனிஞ்சுக்கினு." அம்மாவின் குரல் இறங்கியது. "அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஆபரேசனுக்குப் போயிடலாம்னு."

"பூ விழுறதுக்கு முன்னாடியேவா?"

"பின்ன? இருவது வருசமா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு இருந்தவ. எனக்காவ உள்ள போயி மண்டி போட்டா. இதுக்கு மேல மாரம்மா எனக்கு என்னத்தச் சொல்லணும்?"

"எடது பூ விழுந்திருந்தா?"

"தண்ணி வாட்டம்னு நெனச்சிருப்பேன். நீதான சொல்லிக்கினே இருந்த."

நான் அங்கே நின்று செத்துப் பிழைத்தது, விழாதே விழாதே என்று கெஞ்சியது, எல்லாம் முடிந்துபோன முடிவுக்காக. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதோடு விட்டிருக்கலாம். அம்மா சந்தோஷமாக இருந்தாள், அவள் கண்டது கும்பிட்ட மகளை. ஆனால் குமிழ் உள்ளே இருப்பது தெரிந்தும் பச்சைத் தட்டில் போட எனக்கு வராது.

"அம்மா, நான் கும்பிடல. பூ வலப்பக்கம் விழணும்னு அம்மனுக்கு அடியில தகடு வெக்கத்தான் குனிஞ்சேன். அதுவும் பதட்டத்துல பக்கம் மாத்தி வெச்சிட்டேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் மாடு ஒன்று கத்துவது கேட்டது. கீர்த்தனா காதிலிருந்த பாட்டைக் கழற்றிவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"தகடா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"எனக்காவவா வெச்ச?"

"உனக்காகத்தான்."

"செரி, தகடோ கிகடோ, அத விடு. மண்டி போட்டியா இல்லியா?"

"போட்டேம்மா" என்றேன்.